காந்தமும் கந்தகமும்

"தவமணி, அந்த இரும்புத்தூள்ல மண் கிடக்கு. காந்தம் போடு," என்றாள் கோதையம்மை.

தவமணி எழுந்துபோய்க் கந்தகம் போட்டாள். இரும்புத்தூள் இருந்த கிண்ணம் நிறையப் போட்டு, கரண்டியால் கலக்கியும் விட்டாள். தூள் மஞ்சளாகத் தெரிந்த பிறகுதான் கை நின்றது.

அது அவளுடைய வீட்டு இரும்பு. அப்பாவின் கொல்லுப்பட்டறையில் அரத்துக்குக் கீழே உதிர்ந்ததை அம்மா கூட்டி அள்ளி, தன் பழைய சேலைத் துணியில் முடிந்து அனுப்பியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையில் தூக்கிப் பார்த்தே இரும்பைச் சொல்லிவிடுகிறவள் அம்மா. முடிச்சைக் கொண்டுவந்த அண்ணன் மாடசாமி, தங்கையை ஊருக்கு அழைத்துப்போக வாசலில் வண்டியோடு நின்றான்.

"கெடுத்துட்டேன் அம்மை."

"காது எங்கே இருக்கு?"

"வாசல்ல."

கோதையம்மை சிரித்தாள். மலையடிவாரத்தில் இருந்தது அவளுடைய மருந்துக் குடில். அங்கே படிக்க வந்தவள் தவமணி. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் எழுத்துப் படித்ததில்லை.

"ஊருக்குப் போகப் பிடிக்கலையா?"

"போன தடவை அம்மா என்னை 'வாங்க'ன்னா."

"யாரை?"

"என்னைத்தான். 'வாடி'ன்னு கிளம்பின வாய், பாதியில நின்னு 'வாங்க'ன்னு மாறிடுச்சு. தண்ணிகூட விருந்தாளி செம்புல தந்தா."

வெளியிலிருந்து மாடசாமி கத்தினான். "ஏ பண்டிதச்சி! வீட்டுக்குப் போக மாட்டுக்கு இருக்கிற ஆசைகூட உனக்கு இல்லையா?"

"இருண்ணே!"

தவமணி குரலைத் தாழ்த்தினாள். "நான் இன்னும் அவங்க பிள்ளைதானா அம்மை? இல்லைன்னா சொல்லிடுங்க. அண்ணனைத் திருப்பி அனுப்பிடறேன்."

கோதையம்மை காந்தத்தைத் துணியில் சுற்றித் தூளின் மேல் பிடித்தாள். இரும்பு எழும்பி வந்து மீசைபோல ஒட்டிக்கொண்டது. கிண்ணத்தின் அந்தப் பக்கத்தில் மண்ணும் கந்தகமும் மட்டும் மஞ்சளாக மிஞ்சின.

தவமணியின் முகம் மலர்ந்தது.

"அப்போ ஒண்ணும் கெடலை! நானும் இப்படித்தான் அம்மை. படிச்சதை இங்கேயே உதறிட்டுப் போனா, பழைய தவமணி."

"எங்கே, உதறு."

தவமணி கண்களை மூடிக்கொண்டாள்.

"தூதுவளை எதுக்கு?"

"சளிக்கு."

"உதறலையே."

தவமணி கண்களைத் திறந்தாள். சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

கிண்ணத்தில் பிரிக்காமல் இருந்த தூளைக் கோதையம்மை ஒரு மண்சட்டியில் கொட்டி அடுப்பில் ஏற்றினாள். கந்தக நெடி மூக்கில் ஏறியது. ஓர் ஓரம் சிவந்ததும் சட்டியை இறக்கி வைத்துவிட்டாள். அடுப்பை விட்டு இறங்கிய பிறகும் அந்தச் சிவப்பு தானாகவே மறு ஓரம்வரை பரவி, பிறகு அடங்கியது.

ஆறியதும் சட்டியைத் தட்டினாள். கருப்பாக ஒரு கட்டி விழுந்தது.

"இப்பக் காந்தம் வை."

தவமணி வைத்தாள். கட்டி அசையவில்லை. மறுபக்கம் திருப்பி வைத்தாள். அப்போதும் அசையவில்லை.

"இரும்பு போச்சு," என்றாள்.

"எங்கே போச்சு? பக்கத்துலயேதானே உட்கார்ந்திருந்தே. யாராவது எடுத்தாங்களா?"

"இல்லை. ஆனா மஞ்சளும் இல்லை, காந்தத்துக்கும் வரலை. இது வேற ஏதோ."

"முதல்ல கலந்து கிடந்துச்சு. இப்போ சேர்ந்துடுச்சு."

"பிரிக்க முடியாதா?"

"காந்தத்தால முடியாது."

தவமணி கட்டியைக் கையில் எடுத்தாள். அம்மாவைப் போலத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் சேலைத் துணியை எடுத்து அதில் முடிந்தாள்.

"வரேன்ணே!" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

"அம்மாகிட்ட இதைக் காட்டினா, இரும்புன்னே சொல்ல மாட்டா, அம்மை."

"காட்டாதே," என்றாள் கோதையம்மை. "அவ கையில வை."