செவலை மேயும் காட்டில் ஒரு குழி

ஒரே குழிக்கு இரண்டு வாக்குக் கொடுத்துவிட்டு முழித்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நடுவில் அவசரப்பட்டு யாரையும் திட்டிவிடாதீர்கள், மூன்று பேருமே தங்கமானவர்கள்.

காங்கேயத்துக்குத் தெற்கே நஞ்சப்பன், சென்னியப்பன் என்று அண்ணன் தம்பி. பூமியைப் பாகம் பிரித்தபோது கிணறு மட்டும் பொதுவில் நின்றது. கிணறு மேற்கே இருக்க, தம்பி புதுவீட்டைக் கிழக்குக் கோடியில் கட்டிக்கொண்டான். இரண்டுக்கும் நடுவில் அண்ணனுடைய கொறங்காடு, அதாவது வேலி போட்டு மாடு மேய்வதற்கென்றே விட்ட புல்காடு. அங்கே மாடுகளைக் கட்டுவதில்லை. ராவும் பகலும் அவை இஷ்டத்துக்கு மேய்ந்து, இஷ்டத்துக்குப் படுக்கும்.

புதுவீட்டுக்கு வந்த நாளிலிருந்து சென்னியப்பன் மனைவி பூங்கோதை அந்தக் காட்டின் குறுக்கேதான் குடம் சுமந்தாள். தண்ணீருக்கு ஒரு பைப்பும், மோட்டாரை வீட்டிலிருந்தே போட ஒரு கேபிளும் பதித்துவிட்டால் இடுப்பு பிழைக்கும். அதற்கு அண்ணன் சம்மதிக்க வேண்டும்.

இங்கேதான் அந்தக் குடும்பத்தின் கோளாறைச் சொல்ல வேண்டும். சென்னியப்பன் அண்ணனிடம் எதையும் ஒரு தடவைதான் கேட்பான். அதே காரியத்துக்கு இரண்டாம் தடவை போய் நிற்பது அவனுக்கு உயிர் போகிற கூச்சம்.

தம்பி போய்க் கேட்டதும் நஞ்சப்பன் உடனே ஒப்புக்கொண்டான். "தாராளமா தோண்டிக்க. ஆனா பொழுது உளுகறதுக்குள்ள குழிய மூடிப்போடோணும். நம்ம செவலை மாட்டுக்கு ஒரு கண்ணு மங்கல். இப்ப நெறமாசம் வேற. குழிக்குள்ள கால உட்டுச்சுன்னா தாயும் போச்சு, கன்னும் போச்சு."

"மூடிப்போடறனுங்ண்ணா" என்று வாக்குக் கொடுத்து வந்தான் தம்பி.

வேலைக்கு சிக்கந்தர் வந்தான். பைப் வேலை, கரண்டு வேலை இரண்டும் தெரிந்தவன். குழியில் மணல் பரப்பி, பைப்பை ஒட்டி, கேபிளை இழுத்தான். கேபிள் சுருள் பற்றவில்லை, காட்டின் நடுவில் பைப்பை ஒட்டிய இடத்திலேயே அதற்கும் ஓர் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து, அவன் மனைவிக்கு வலி எடுத்துவிட்டதென்று போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினவன், கேபிள்மேல் அடுக்கச் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த கோதையிடம் திரும்பி வந்தான்.

"அக்கா, பசை இன்னும் காயல. காலைல வந்து தண்ணி உட்டுப் பாத்து, கேபிளையும் சோதிச்சுட்டுத்தான் ஒட்டு மேல மண்ணு போடணும். கரண்டு கசிஞ்சுதுன்னா மேல மிதிக்கற மாடு அங்கயே உழுந்துரும். மூடிராதீங்கக்கா."

"மூட மாட்டோம் தம்பி. நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அவளும் வாக்குக் கொடுத்தாள்.

பொழுது சாய்ந்தது. சென்னியப்பன் மண்வெட்டியோடு வந்தான். சிக்கந்தர் சொன்னதைக் கோதை சொல்லிப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்கண்ணங்கிட்டப் போயி வெவரஞ் சொல்லலாமல்லங்க?"

"ஒருக்கா கேட்டாச்சு. மறுக்காவும் போயி நிக்கோணுமா?"

"அப்ப நான் போறனுங்க."

"நீ போனாலும் நான் போனாப்பலதான்."

கோதை சட்டென்று குழிக்குள் இறங்கி, ஒட்டு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப என்னையுஞ் சேத்து மூடுங்க." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கையைக் கொடுத்து அவளை மேலே தூக்கிவிட்டு, குழியை முழுதாக மூடி, சொன்ன சொல்லைக் காப்பாற்றிய நிம்மதியில் கிணற்றுக்குக் குளிக்கப் போனான்.

அவன் தலை மறைந்ததும் கோதை ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டாள். மண்வெட்டி போட்டால் கேபிளில் பட்டுவிடும் என்ற பயம். ஒட்டு இருந்த இடத்தை மட்டும் அள்ளி அள்ளித் திறந்தாள். புதுவீட்டின் கொல்லைக் கதவு இன்னும் மாட்டாமல் கிடந்தது. அதை இழுத்து வந்து குழிமேல் போட்டாள். செவலை ஏறினால் கதவு தாங்குமா என்று தெரியாததால் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தாள்.

குழி மூடியாயிற்றா என்று பார்க்க நஞ்சப்பன் டார்ச்சோடு வந்தான்.

"என்ன கண்ணு இது, காட்டு நடுவுல கதவு?"

அவள் ஒன்று விடாமல் சொன்னாள். தலை ஈரத்தோடு வந்த சென்னியப்பன் கதவையும் மனைவியையும் அண்ணனையும் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான். நஞ்சப்பன் சீழ்க்கை அடித்துச் செவலையைக் கூப்பிட்டான். தோள்துண்டை அதன் கழுத்தில் சுற்றி, வீட்டுக்கு நடத்திப்போய், பிறந்ததிலிருந்து கட்டுத்தறியே அறியாத அந்த மாட்டைக் கட்டிப்போட்டான். அது ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, புல்லைக் கை கையாக ஊட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணனுக்குக் கொடுத்த வாக்குக்காகக் குழியை மூடினான் ஒருவன். வேலைக்காரனுக்குக் கொடுத்த வாக்குக்காக அதைத் திறந்தாள் ஒருத்தி. எந்த வாக்கும் கொடுக்காத இன்னொருவன் மாட்டைக் கட்டினான். இதில் யார் செய்தது சரி? யோசித்துச் சொல்லுங்கள்.

விடை: நஞ்சப்பன் செய்ததுதான் சரி. தம்பியும் கோதையும் ஆளுக்கொரு வாக்கைக் காத்தார்கள். இரண்டு வாக்குமே செவலையின் உயிருக்காக வாங்கப்பட்டவை. வாங்கியவர்கள் மனம் வைத்தால்தான் அவை தளரும். சிக்கந்தர் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தான். நஞ்சப்பன் கூப்பிடு தூரத்தில் இருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாட்டை அப்போதே கட்டியிருப்பான், மூடவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். கோதைக்கு அது தெரிந்திருந்தது, ஆனால் புருஷன் பேச்சைத் தட்டி அவள் போகவில்லை. மறுநாள் சிக்கந்தர் பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தோடு வந்து சோதித்தபோது கேபிள் ஒட்டில் கசிவு இருந்தது. அதைச் சரிசெய்து மூடினார்கள், கோதை வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. சென்னியப்பன் வெகுநேரம் தயங்கிவிட்டு அண்ணன் முன்னால் போய் நின்றான். "அண்ணா, மறுக்காவும் ஒண்ணு கேக்கோணுமுங்க." "செரி" என்றான் நஞ்சப்பன். "நான் இன்னும் கேக்கவே இல்லீங்களே?" "அதான் செரின்னுட்டனேடா."