வெள்ளத்தாயி தோளை இறக்குன கதை

ஒரு ஊர்ல ஒரு உப்பளக்காரி இருந்தா. பேரு வெள்ளத்தாயி. கடலோரத்து ஊரு. விடியும்போதே பொம்பளைங்க எல்லாரும் கூட்டமா அளத்துக்குக் கிளம்பிருவாங்க, உப்பு அள்ள. ம் கொட்டு மக்கா. ம்.

அந்தப் பாதையில ஒரு நாய்க்கூட்டம். ஆறேழு இருக்கும். ஒருநாள் அதுல ஒண்ணு லொள் லொள்ளுன்னு பாஞ்சு வந்து, வெள்ளத்தாயியோட கூட்டாளி முப்பிடாதி காலைக் கவ்விருச்சு. ஊசி போட்டாங்க, புண்ணு ஆறிருச்சு. பயம்தான் ஆறல. "நான் இனிமே அந்தப் பக்கம் வர மாட்டேன்ட்டி"ன்னு வீட்டோட உக்காந்துட்டா. வேலைக்குப் போகாம எத்தனை நாளைக்கு அடுப்பு எரியும்?

அப்போ வெள்ளத்தாயி என்ன செஞ்சா? நாப்பது வயசுல போயி, "சுடலைமணி அண்ணாச்சி, எனக்குக் கம்பு சுத்தச் சொல்லிக்குடுங்க"ன்னு நின்னா. அண்ணாச்சிக்கும் ஏறக்குறைய அவ வயசுதான். தையக்கடை வச்சிருந்தாரு, சாயங்காலமானா கடற்கரையில சிலம்பம் சொல்லிக்குடுப்பாரு. "சரி, வாங்க"ன்னாரு.

கம்பைக் கையில வாங்குனதுதான் தாமதம், அவ தோளு ரெண்டும் ஜிவ்வுன்னு காதுகிட்டப் போயிருச்சு. கழுத்தையே காணோம்! சின்ன வயசுலேர்ந்து உப்புக்கூடை சுமந்த உடம்புல்லா? "தோளை இறக்குங்க"ன்னாரு அண்ணாச்சி. இறக்குவா. அவரு கம்பு கிட்ட வந்ததும் மறுபடி ஏறிரும், கையும் கட்டையா இறுகிரும். டக்! அவ கம்பு மண்ணுல கிடக்கும்.

அப்புறம் வீட்டுக்குப் போயி வெந்நீர் ஊத்திக்கிட்டா. வீட்டுக்காரரு வேப்பெண்ணெய் போட்டு நீவி விட்டாரு. தோளு நல்லா இளகிருச்சு. மறுநாள் கம்பைப் புடிச்சா... ஜிவ்வு! டக்!

மூணாவதா என்ன செஞ்சா தெரியுமா? பழைய சேலைத்துணியால ரெண்டு தோளையும் இடுப்போட சேத்து இழுத்துக் கட்டிக்கிட்டா. "இப்போ எப்படி ஏறுதுன்னு பாப்போம்." அண்ணாச்சி கம்பை ஓங்குனாரு பாரு, டர்ர்ர்! துணி கிழிஞ்சு காத்துல பறந்து, அவரு மூஞ்சியை மூடிருச்சு. "ஏ, கண்ணு தெரியல!"ன்னு அவரு தடவ, வெள்ளத்தாயிக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சு மூச்சை விடுறா, தோளு தன்னால கீழ இறங்கி நிக்குது!

"அண்ணாச்சி, நான் இத்தனை நாளும் மூச்சைப் புடிச்சுக்கிட்டுல்லா நின்னிருக்கேன்!"

தூங்கிட்டியா? ம்... சரி.

அன்னைலேர்ந்து ஒவ்வொரு வீச்சுக்கும் "ஹா"ன்னு மூச்சை விட்டா. லேசுல வரல. பத்துத் தடவையில எட்டுத் தடவை மறந்துபோகும். விடுவாளா அவ? மூணு மாசம் விடாம நின்னா. அப்புறம் பாரு, கம்பு விர்ர் விர்ர்னு சுத்துது, கம்பே கண்ணுக்குத் தெரியல. அண்ணாச்சி கும்பிட்டுட்டாரு.

அப்புறம் ஒரு விடியக்காலம், முப்பிடாதி வீட்டு வாசல்ல போயி நின்னா. "வாட்டி, நான் முன்னால போறேன்." முப்பிடாதி அவ முந்தானையைப் புடிச்சுக்கிட்டே வந்தா. பாதி வழியில, லொள் லொள் லொள்! முப்பிடாதி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. வெள்ளத்தாயிக்குப் பயம் இல்லையா? இருந்துச்சு. தோளு ஏறுச்சு. ஏறுறது அவளுக்கே தெரிஞ்சுது. "ஹா..." இறங்கிருச்சு. மண்ணுல ஒரு அடி, பட்டீர்! புழுதி பறந்துச்சு. இடது பக்கம் ஒண்ணு பாஞ்சுது. ஹா, விர்ர்! அது மூக்குக்கு ஒரு சாண் முன்னால கம்பு போச்சு. ஒரு நாய் மேலயும் அடி படல மக்கா. ஒண்ணு மேலயும்! அப்படி ஒரு நிதானம், என்னா பொம்பளை! பெரிய நாய் உர்ர்ருன்னு பாத்துச்சு, பின்னால நகந்துச்சு, வாலை மடக்கிக்கிட்டு ஓடியே போச்சு. மத்ததெல்லாம் அது பின்னால.

"போயிருச்சாட்டி?"

"போயிருச்சு. கண்ணைத் திற."

முப்பிடாதி கண்ணைத் திறந்தா. முந்தானையை விட்டா. ரெண்டு எட்டு முன்னால வச்சு, வெள்ளத்தாயி பக்கத்துல வந்து, அவகூட சேந்து நடந்தா.

கதை அளம் போயிச் சேந்துருச்சு, நீயும் தூக்கம் போயிச் சேரு, என் தங்கமே.