இடுப்பைப் பிடித்த முசுறுகள்

குளத்தங்கரை மாமரத்தில் முசுறு எறும்புகள் குடியிருந்தன. இலைகளை ஒட்டி வீடு கட்டும் சிவப்பு எறும்புகள். அவற்றின் பழைய வீடு காய்ந்து வெடித்துவிட்டது. உள்ளே இன்னும் புழுவாகவே இருக்கும் நானூறு குஞ்சுகள். மேற்கே மேகம் கறுத்து நின்றது.

“மழை இறங்குறதுக்குள்ள புது வீட்டை மூடணும்! இல்லேன்னா பிள்ளைங்க எல்லாம் குளத்துலதான்!” என்றாள் மூத்தவள் கருக்கி.

முசுறுகள் வரிசையாக நின்றன. முதலாவது எறும்பு தூரத்து இலையின் ஓரத்தைக் கவ்வியது. இரண்டாவது அதன் இடுப்பைக் கவ்வியது. மூன்றாவது இரண்டாவதன் இடுப்பை. இப்படிப் பன்னிரண்டு பேர் சங்கிலியாகி, இலையை இலையோடு சேர்க்க இழுத்தார்கள்.

நடுவில் இருந்தவள் சிணுங்கி. வாய் நிறைய இடுப்பு இருந்தாலும் முணுமுணுக்க அவளுக்கு இடம் இருந்தது.

“காலையிலேருந்து நெட்டைச்சி இடுப்பையே பார்த்துட்டு இருக்கேன். இதெல்லாம் ஒரு பொழப்பா!”

“என் இடுப்புக்கு என்னடி குறை?” என்றாள் முன்னால் இருந்த நெட்டைச்சி.

அப்போது பக்கத்துக் கிளையில் இன்னொரு முசுறு வந்து நின்றது. அதே சிவப்பு, அதே நடை. ஆனால் அது முசுறு இல்லை, சிலந்தி! எட்டுக் காலில் முன்னங்கால் இரண்டையும் உயர்த்தி, எறும்பின் மீசை மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது. வீடு மூடாமல் கிடந்தால் குஞ்சுகளைத் தூக்கிவிடலாம் என்பது அதன் கணக்கு.

“தங்கச்சி! உன் பலத்துக்கு இந்தக் கும்பல் எதுக்கு? வா, நாம ரெண்டு பேருமே தனியா ஒரு வீடு கட்டலாம். என் இடுப்பைப் பிடிச்சுக்கோ!”

சிணுங்கி வாயைத் திறந்தாள். பின்னால் பிடித்திருந்தவளையும் உதறினாள்.

படீர்! சங்கிலி அறுந்தது. இலை விசிறி அடித்தது. நெட்டைச்சி பறந்துபோய்க் கீழே ஒரு தவளையின் முதுகில் விழுந்தாள்.

“மாங்கா விழும்னு உட்கார்ந்திருந்தா எறும்பு விழுது!” என்று தவளை அலுத்துக்கொண்டது.

சிணுங்கி புதுத்தோழியின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வழுக்கியது. முசுறைப் பிடித்தால் அது காலை ஊன்றிப் பதிலுக்கு இழுக்கும். இது இழுக்கவே இல்லை. அதன் கண் பழைய வீட்டின் வெடிப்பிலேயே இருந்தது.

“நான் இழுக்கிறேன், நீ இழுக்கலையே! நீ எங்க ஆளே இல்ல!”

சிலந்தி வேஷத்தை விட்டுவிட்டுக் குஞ்சுகளை நோக்கி ஓடியது. சிணுங்கி பாய்ந்து அதன் பின்னங்காலைக் கவ்வினாள். அது இழுத்த இழுப்புக்குக் கிளை முழுக்க உரசிக்கொண்டே போனாள். விடவில்லை.

“அக்கா! ஓடி வாங்க! பிள்ளைங்க!”

முசுறுகள் மொய்த்தன. சிலந்தி அந்தக் காலை அவள் வாயிலேயே கழற்றி விட்டுவிட்டு, நூலில் தொங்கித் தப்பித்தது.

சிணுங்கி தலை குனிந்து நின்றாள். நெட்டைச்சி மூச்சு வாங்க மரம் ஏறி வந்தாள்.

“அழுகையை அப்புறம் வச்சுக்கோ. இந்தா, இடுப்பு!”

மறுபடி சங்கிலி. மறுபடி இழுப்பு. இலைகள் சேர்ந்தன. கருக்கி ஒரு குஞ்சை வாயில் ஏந்தி, அது கக்கிய பட்டுநூலால் இரண்டு ஓரங்களையும் ஒட்டினாள். மற்றக் குஞ்சுகளையும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

“ஆச்சு! எல்லாரும் பிடியை விடுங்க!”

சிணுங்கி மட்டும் விடவில்லை.

“இனிமே செத்தாலும் விட மாட்டேன்!”

“விடுடி! மழை வருது, நான் உள்ளே போக வேணாமா? நீ விட்டாலும் சாவு, விடாட்டியும் எனக்குச் சாவுதான்!” என்று நெட்டைச்சி கத்தினாள்.

சிணுங்கி வெட்கத்தோடு வாயைத் திறந்தாள். இருவரும் உள்ளே உருண்டு விழுந்தார்கள். முதல் தூறல் கூரையில் பொட்டுப் பொட்டென்று விழுந்தது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.

நம்மவரைப் பிடித்து, வேஷக்காரரை ஒதுக்கி, விடவேண்டிய நேரத்தில் விடத் தெரிந்தால்தான் முசுறு வீடும் நிற்கும். இந்த மூன்றும் தெரிந்திருந்தால்தான், கோடிக்கணக்கான செல்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கிற நம் உடம்பும் வேஷம் போட்டு வரும் கிருமிக்கு இடம் கொடுக்காமல், நோயில்லாமல் இருக்கும்.