நீலாயி எண்ணிய காலடிகள்

நாவல்குளத்து மீன்கொத்தி நீலாயிக்கு அன்றும் மாணவர்கள் மூன்றே பேர்தான். எதிர்க்கரையில் முக்குளிப்பான் பறவை வடிவுக்கோ உட்கார இடமில்லாத கூட்டம்!

காட்டோரத்தில் இருந்த அந்தக் குளத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. யாருக்கு எது தெரியுமோ அதை மற்றவர்களுக்குக் கரையில் வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அணில் கொட்டை பதுக்கச் சொல்லிக் கொடுத்தது. கறையான் மண் குழைக்கச் சொல்லிக் கொடுத்தது. கற்றுக்கொள்ள வயது கிடையாது. நேற்று வால் உதிர்ந்த தவளைக் குஞ்சும் வரும், பல் போன கிழட்டு முயலும் வரும். வருகிறவர்கள் ஈரச் சேற்றில் ஒரு காலடி பதித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். சொல்லிக் கொடுப்பவருக்கு அதுதான் மரியாதை.

அந்தக் காலடிகள்தான் நீலாயியின் தூக்கத்தைக் கெடுத்தன.

நீலாயி தண்ணீரில் பாயச் சொல்லிக் கொடுத்தாள். கிளையிலிருந்து அவள் விழுந்து எழும் அழகைப் பார்த்து வாய் பிளக்காதவர் இல்லை. ஆனால் பார்ப்பதோடு சரி. முயலும் எலியும் தண்ணீரில் பாய்ந்து என்ன செய்யப் போகின்றன?

வடிவு சொல்லிக் கொடுத்தது மிதக்கும் கூடு. கோரையையும் பாசியையும் பின்னி, புல்கயிற்றால் கட்டி, கயிற்றின் நுனிகளை நாணலில் தளர முடிந்துவிட வேண்டும். தண்ணீர் ஏறினால் கூடும் ஏறும், இறங்கினால் கூடும் இறங்கும். மழைக்காலத்தில் வளைக்குள் தண்ணீர் புகுந்து தவிக்கும் பிராணிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இது நீலாயிக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் வயிறு இன்னும் எரிந்தது. போன மழையில் அவளுடைய கரைப்பொந்திலும் தண்ணீர் புகுந்தது. நான்கு முட்டைகளும் போயின. அந்தப் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

தினமும் சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் எதிர்க்கரைக்குப் பறந்து போவாள். சேற்றில் இருக்கும் காலடிகளை எண்ணுவாள்.

"பதினாலு... பதினெட்டு... இருபத்தொண்ணு! இந்த எலிக்கு நாலு காலு. நாலையும் பதிச்சிருப்பான், திருட்டுப் பய! எண்ணிக்கை ஏறாம என்ன செய்யும்?"

பிறகு தன் கரைக்கு வந்து எண்ணுவாள். அதற்கு அதிக நேரம் ஆகாது. ஒன்று, நிழலுக்காக வந்து தூங்கும் தவளை முத்தானின் காலடி. இன்னொன்று, நத்தை இழுத்த கோடு. காலில்லாதவன் கோடு இழுத்தால் அதுவும் காலடிதான் என்று நீலாயி முடிவு செய்திருந்தாள். மூன்றாவது அவளுடைய அம்மாவின் காலடி. கிளை முறிந்து விழுந்து அம்மாவின் ஒரு சிறகு ஒடிந்திருந்தது. பறக்க முடியாது. ஆனாலும் மகளின் வகுப்புக்குத் தத்தித் தத்தியாவது வந்துவிடுவாள்.

ஒரு நாள் சாயங்காலம் எதிர்க்கரையில் எண்ணிக்கொண்டிருந்த நீலாயி சட்டென்று நின்றாள். சேற்றில் சின்னதாக ஒரு காலடி. ஒரு விரல் மட்டும் உள்பக்கம் மடங்கியிருந்தது. அது அம்மாவின் விரல்!

நேரே அம்மாவிடம் பறந்தாள்.

"ஏம்மா, நீயும் அங்க போக ஆரம்பிச்சிட்டியா?"

"சும்மா போனேன்டி. பொழுது போக வேணாமா?"

"பெத்த தாயே எதிராளி கரையில போய் உக்காந்தா, என்னை நாலு பேரு மதிப்பாங்களா?"

"வடிவு உனக்கு எப்படிடி எதிராளி ஆனா? அவ உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்லையே!"

"போதும்! அவ புராணத்தை என் முன்னால படிக்காதே!"

அம்மா பெருமூச்சு விட்டாள். "சரி, நாளைக்குப் போகலை. திருப்திதானே?"

நீலாயிக்குத் திருப்தி வரவில்லை. பொறாமை அவ்வளவு சுலபமாக அடங்குமா? மறுநாள் பொழுது விடிந்ததும், யாரும் வருவதற்கு முன், எதிர்க்கரைக்குப் போனாள். நாணலுக்குள் ஏழெட்டுக் கூடுகள் மிதந்தன. எல்லாம் பழகுகிறவர்கள் பின்னியவை. கோணலும் மாணலுமாக இருந்தன. ஒன்று மட்டும் அத்தனை நேர்த்தியாக இருந்தது.

"இது வடிவோடதுதான். வேற யாருக்கு இப்படி வரும்?" என்று பல்லைக் கடிக்க முடியாததால் அலகைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் கூட்டை ஐந்து புல்கயிறுகள் சேர்த்துப் பிடித்திருந்தன. நீலாயி கூட்டின் அடியில் புகுந்து நான்கு கயிறுகளை முக்கால்வாசி கத்தரித்தாள். ஐந்தாவது கயிற்றில் யாரோ ஒரு நாணல்பூவைச் செருகியிருந்தார்கள். நாணலில் இருந்த அதன் முடிச்சைக் கொத்தித் தளர்த்தினாள். கயிற்றை வெட்டப் போகும்போது தவளை முத்தான் தொண்டையைச் செருமுவது கேட்டது. விருட்டென்று பறந்துவிட்டாள்.

'நாலு பேர் ஏறட்டும். கூடு பிரியட்டும். எல்லாரும் நனைஞ்சுபோய் வடிவைத் திட்டட்டும்!' என்று நினைத்துக்கொண்டு அந்தக் கரையிலிருந்த நாவல் மரக் கிளையில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்தாள். கரையோரத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்தானே, யாருக்கு என்ன ஆகிவிடும் என்பது அவள் எண்ணம்.

மலையில் மழை பெய்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. கூட்டம் வந்து சேர்ந்தபோது குளத்துத் தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டது. மளமளவென்று ஏறியது. நிறைந்த குளம் கலிங்கு வழியாக வழிந்து, கீழே பாறைகளில் விழுந்து இரைந்தது.

"இன்னிக்கு யாரும் கூட்டுல ஏறாதீங்க! தண்ணி இழுக்குது!" என்று வடிவு கத்தினாள்.

நீலாயிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. 'தப்பிச்சிட்டாளே!'

அப்போதுதான் கரையோரமாக ஒரு நீல உருவம் தத்தித் தத்திப் போவதைப் பார்த்தாள். வடிவு மறுபக்கம் திரும்பியிருந்தாள். அந்த உருவம் ஒரு புல்லை அலகில் கவ்விக்கொண்டு, நேராக அந்த நேர்த்தியான கூட்டில் ஏறியது.

"அம்மா!"

கூடு நாணலிலிருந்து கழன்றது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கலிங்கை நோக்கி நகர்ந்தது.

வடிவு உடனே தண்ணீருக்குள் மூழ்கினாள். கூட்டின் பக்கத்தில் தலை தூக்கி, தொங்கிய கயிறு ஒன்றைக் கவ்வி இழுத்தாள். கயிறு அறுந்து கையளவு பாசியும் கோரையும் பிய்ந்துகொண்டு வந்தன. அம்மா சரிந்தாள். வடிவு அடுத்த கயிற்றைக் கவ்வப் போனாள்.

அதையும் இழுத்தால் கூடு பிரிந்துவிடும். இது அந்தக் குளத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அம்மா போய்விடுவாள்.

"அதைத் தொடாதே!" நீலாயி அலறினாள். "எல்லாத்தையும் நான் அறுத்து வெச்சிருக்கேன்! நாணல்பூ செருகின கயிறு ஒண்ணுதான் நல்லா இருக்கு! அதைப் பிடி!"

கரை முழுவதும் கேட்டது. எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. வடிவு மட்டும் திரும்பவில்லை. மூழ்கி மறுபக்கம் போய் நாணல்பூக் கயிற்றைக் கவ்வினாள். ஆனால் இழுப்புக்கு எதிராக அவளால் நீந்த முடியவில்லை. கலிங்கு நெருங்கியது.

நீலாயி கிளையிலிருந்து பாய்ந்தாள். வடிவின் அலகிலிருந்து கயிற்றின் நுனியைப் பிடுங்கிக்கொண்டு கரைக்குப் பறந்தாள். எலிகளும் முயல்களும் அதை வாங்கி நாவல் வேரில் சுற்றி, வடிவு சொல்லிக் கொடுத்த முடிச்சைப் போட்டு இறுக்கின. கூடு கலிங்குக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. எல்லோருமாக இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

அம்மா சொட்டச் சொட்ட இறங்கி வந்தாள். கிழட்டு முயல் நீலாயியை முறைத்த முறைப்பில் அவளுக்கு இறகெல்லாம் கூசியது.

"வரமாட்டேன்னு சொன்னியேம்மா! ஏன் வந்தே?" என்று விம்மினாள்.

"தண்ணி ஏறுதேன்னு வந்தேன்டி. இன்னும் ஒரே ஒரு முடிச்சுதான் பாக்கி இருந்துச்சு."

"வடிவு கூட்டுல நீ எதுக்கு முடிச்சுப் போடணும்?"

"அது வடிவு கூடு இல்லடி. நான் பின்னினது. உனக்காகப் பின்னினது." அம்மா பிய்ந்த கூட்டைப் பார்த்தாள். "போன வருசம் உன் நாலு முட்டையும் போச்சே. இந்த வருசமாவது தண்ணி படாத இடத்துல குஞ்சு பொரிக்கட்டும்னு நினைச்சேன். முடிச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

நீலாயி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். இவ்வளவு நேர்த்தி என்று தான் வயிறெரிந்து பார்த்த கூடு அம்மாவின் கைவேலை! அதை அறுத்தது தன் அலகு! வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

வடிவு தண்ணீரை உதறிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"என்னை மன்னிச்சிரு வடிவு," என்றாள் நீலாயி.

"இன்னிக்கு முடியாது. எனக்குக் கோபம் இன்னும் அடங்கலை," என்றாள் வடிவு. "ஆனா நாளைக்கு வகுப்புக்கு வா. நீ அறுத்ததை நீதான் பின்னணும். மழை காத்திருக்காது."

மறுநாள் நீலாயி எல்லோருக்கும் முன்பே எதிர்க்கரைக்குப் போனாள். ஈரச் சேற்றில், ஒரு விரல் மடங்கிய அந்தக் காலடிக்குப் பக்கத்தில், தன் காலடியைப் பதித்தாள். அன்று சாயங்காலம் அவள் எதையும் எண்ணவில்லை. முடிச்சுப் போட்டுப் போட்டு அலகு வலித்ததால் நேரே தூங்கப் போய்விட்டாள்.

பொறாமை கொண்டு பிறர் வேலையை அழிக்கப் புறப்படுகிறவர், தம் நன்மைக்காக நடக்கும் வேலையையே அழித்துவிடுவார்.