பதினெட்டாம் விதி

மலைக்கு மேற்கே ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. பங்குனி முடிவதற்குள் அந்தக் காட்டின் ஓடைகளெல்லாம் வற்றிவிடும். பாறை இடுக்கில் ஒரே ஒரு சுனை மட்டும் மிஞ்சும். காலையில் அதில் தெளிந்த நீர் நிற்கும். காலையில் வந்தவர்கள் குடித்துவிட்டுப் போன பிறகு, மாலையில் வருகிறவர்களுக்குக் கலங்கல்தான் கிடைக்கும்.

அந்தக் காலை நீருக்காகக் கரடிகளும் குரங்குகளும் வருடா வருடம் அடித்துக்கொண்டன. பல் உடைந்தது, வால் அறுந்தது, சண்டை மட்டும் தீரவில்லை. கடைசியில் காட்டுச் சங்கத்தின் தலைவரான யானை ஒரு முடிவுக்கு வந்தது.

"இனிமேல் கால்பந்து ஆடுங்கள். ஜெயித்தவர்களுக்கு இந்தக் கோடை முழுவதும் காலை. தோற்றவர்களுக்கு மாலை."

இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஆட்டம் என்றால் நடுவர் வேண்டுமே?

"நடுவருக்கு என்ன தகுதி வேண்டும்?" என்று யானை கேட்டது.

"குரல்" என்றது காட்டுச்சேவல்.

அந்தச் சேவலின் பெயர் செங்கொண்டை. அது கூவினால் மூன்று மலைக்குக் கேட்கும். தான் கூவுவதால்தான் சூரியன் எழுந்திருக்கிறது என்று அது மனதார நம்பியது. சூரியனையே எழுப்புகிறவனுக்குப் பத்துப் பதினைந்து விலங்குகளை ஆட்டி வைப்பது பெரிய காரியமா?

யானைக்கும் பெரிய சத்தம் என்றால் பிடிக்கும். உடனே செங்கொண்டையின் கழுத்தில் விசிலை மாட்டியது.

"பயிற்சி வகுப்பு இருக்கிறது" என்று முள்ளம்பன்றி குறுக்கிட்டது. காட்டில் ஆட்ட விதிகளை முழுதாகப் படித்திருந்தது அது ஒன்றுதான். "மொத்தம் பதினேழு விதிகள். மூன்று நாளில் முடித்துவிடலாம். கடைசியில் ஒரு தேர்வு."

முதல் நாள் செங்கொண்டை வகுப்புக்கு வந்தது. வருகைப் பதிவில் நகத்தால் ஒரு கீறல் போட்டது. எல்லோருக்கும் வைத்திருந்த தினையைக் கொத்தித் தின்றது. ஆஃப்சைடு என்ற சொல் காதில் விழுந்த நேரத்தில் எழுந்து போய்விட்டது. இரண்டாம் நாள், தொண்டைக்கு ஓய்வு தேவை என்று சொல்லி அனுப்பியது. மூன்றாம் நாள் தேர்வு முடிகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

"கேள்வித்தாள் இதோ" என்றது முள்ளம்பன்றி.

"எனக்கா? நான் எட்டுக் கோடை பார்த்தவன்."

"எட்டுக் கோடையில் எத்தனை ஆட்டம் நடத்தியிருக்கிறீர்கள்?"

"ஆட்டம் நடத்தவில்லை. கோடையைப் பார்த்திருக்கிறேன்."

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்தன. யானை நடுவில் புகுந்து சமாதானம் செய்தது. "அனுபவத்துக்கும் ஒரு மரியாதை தர வேண்டுமல்லவா?" என்று சொல்லி, ஒரு தேக்கிலையில் 'அனுபவ அடிப்படையில் தேர்ச்சி' என்று எழுதிக் கொடுத்தது.

வகுப்புக்கு மூன்று நாளும் வந்தது ஒரு பெண் உடும்பு. பிடித்ததை விடாத பிராணி அது. ஒவ்வொரு விதியையும் ஏன், எதற்கு, எப்போது என்று கேட்டு முள்ளம்பன்றியையே களைக்க வைத்தது. தேர்வில் இருபது கேள்விக்கும் சரியான விடை எழுதியது. அதற்குப் பரிசாக, அதன் கையில் ஒரு கொடியைக் கொடுத்துக் கோட்டோரத்தில் வெயிலில் நிறுத்தினார்கள். ஒரு விடையும் எழுதாத செங்கொண்டை மைதானத்தின் நடுவில் நின்றது.

ஆட்ட நாள் வந்தது. யானை வரவேற்புரை ஆற்றியது. உரை முடிவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். உரை முடிந்ததும் யானையும் தூங்கிவிட்டது.

கரடிகளுக்கு வலு அதிகம், வேகம் குறைவு. அதனால் அவை ஒரு நரியைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டிருந்தன. நரி பந்தையே பார்க்கவில்லை. அது பார்த்ததெல்லாம் நடுவரைத்தான்.

பத்து நிமிடத்தில் அது ஒன்றைக் கண்டுபிடித்தது. நடுவருக்குத் தெரிந்த விஷயம் என்றால் சாதாரணமாக ஊதுகிறார். தெரியாத விஷயம் என்றால் கழுத்தை நீட்டிக்கொண்டு பலமாக ஊதுகிறார்.

அப்போது பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. குரங்குகள் எறிய வேண்டிய பந்து. ஒரு குரங்கு இரண்டு கையாலும் தலைக்கு மேலிருந்து பந்தை எறிந்தது. குரங்கு அணியின் தலைவியான மந்தி, கரடிகளையெல்லாம் தாண்டிக் கோலுக்குப் பக்கத்தில் தனியாக நின்று அதை வாங்கி, ஒரே உதையில் கோலுக்குள் அடித்தது.

குரங்குகள் குதித்தன. நரி மெதுவாகக் கையை உயர்த்தியது.

"ஆஃப்சைடு, நடுவர் ஐயா. உங்களுக்குத் தெரியாததா?"

ஆஃப்சைடு என்பது ஏதோ ஒரு தப்பு என்பது வரைக்கும் செங்கொண்டைக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. அத்தனை கண்களும் தன்னையே பார்ப்பது புரிந்தது. கழுத்தை நீட்டிப் பலமாக ஊதியது.

"ஆஃப்சைடு. கோல் செல்லாது."

உடும்பு கொடியோடு அருகே வந்தது. "ஐயா, எதிரணியைத் தாண்டி நின்றாலும், கையால் எறிந்த பந்தை நேரே வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. அது நல்ல கோல்."

அதன் குரல் தாழ்ந்துதான் இருந்தது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. செங்கொண்டை அப்போதே திருத்தியிருக்கலாம். ஆனால் கோட்டோரத்தில் நிற்கிறவள் வந்து நடுவில் நிற்கிறவனுக்குச் சொல்வதா?

"இங்கே நடுவர் நானா, நீயா?"

"நீங்கள்தான் ஐயா."

"அப்படியானால் உன் கோட்டுக்குப் போ."

கரடிகள் ஃப்ரீ கிக் அடித்து ஆட்டத்தைத் தொடங்கின. ஏமாற்றத்தில் குரங்குகள் சற்று அசந்து நின்றன. அந்த நேரத்தில் ஒரு பெரிய கரடி உருண்டு புரண்டு போய்க் கோல் போட்டது. கரடிகள் ஒன்று, குரங்குகள் சுழி.

இடைவேளை போய், ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. குரங்குகள் நெருக்கின. பயந்துபோன ஒரு கரடி, தன் கோல்கீப்பரிடமே பந்தை உதைத்துத் தள்ளியது. கோல்கீப்பர் கரடி அதைக் கையால் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டது.

உடும்பின் கொடி உயர்ந்தது. குரங்குகள் கத்தின. சத்தம் கேட்டு, எதற்கென்று தெரியாமலே செங்கொண்டையும் ஊதியது. ஆட்டம் நின்றது.

"சொந்த ஆள் வேண்டுமென்று காலால் தள்ளிய பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது" என்றது மந்தி. "எங்களுக்கு ஃப்ரீ கிக் கொடுங்கள்."

நரி புன்னகை செய்தது. "அது பொது விதி. ஆனால் பதினெட்டாம் விதி என்ன சொல்கிறது? உள்ளங்கை தாமரை இலையளவு அகலமாக இருக்கும் கோல்கீப்பர் எடுக்கலாம். அப்படி எடுத்ததைத் தப்பு என்றால், எடுத்தவர் அணிக்கு ஒரு கோல் தர வேண்டும். நடுவர் ஐயாவுக்குப் பதினெட்டாம் விதி மனப்பாடம்."

"பதினெட்டாம் விதியா? அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்" என்றது செங்கொண்டை. "கரடிகளுக்கு ஒரு கோல்."

பார்வையாளர்களுக்கு மத்தியில் உட்கார்ந்திருந்த முள்ளம்பன்றி முகத்தை மூடிக்கொண்டது. உடும்பு மறுபடியும் வந்தது.

"ஐயா, விதிகள் மொத்தம் பதினேழுதான்."

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. செங்கொண்டைக்குக் கொண்டை வரை சூடேறியது. பதினேழா? முதல் நாள் தினை தின்றபோது முள்ளம்பன்றி ஏதோ ஓர் எண் சொன்னது ஞாபகம் இருந்தது. எந்த எண் என்று ஞாபகம் இல்லை.

"நீ படித்த புத்தகம் பழையது" என்று சொல்லி, அது உடும்பின் கொடியைப் பிடுங்கி எறிந்தது. "மைதானத்தை விட்டு வெளியே போ."

உடும்பு போய் முள்ளம்பன்றியின் பக்கத்தில் உட்கார்ந்தது.

மந்தி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. கோபப்பட்டுப் பயனில்லை என்று அதற்குப் புரிந்துவிட்டது. குரங்குக்குப் பார்த்ததைச் செய்யத் தெரியும்.

"நடுவர் ஐயா," என்று அது பணிவாகக் கேட்டது, "பதினெட்டு தெரிந்த உங்களுக்குப் பத்தொன்பதும் தெரிந்திருக்குமே?"

"தெரியாமல் என்ன?"

"வால் இருக்கும் அணிக்கு வாலுக்கு ஒரு கோல். நாங்கள் ஏழு பேர்."

செங்கொண்டை விழித்தது. பத்தொன்பது இல்லை என்றால் பதினெட்டு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே. "குரங்குகளுக்கு ஏழு கோல்" என்று ஊதியது.

"இருபதாம் விதி," என்றது நரி, "உடம்பில் முடி அடர்ந்த அணிக்குப் பத்து."

"இருபத்தொன்று," என்றது மந்தி, "மரம் ஏறத் தெரிந்தால் பதினொன்று."

"கரடியும் மரம் ஏறும்."

"தலைகீழாகத் தொங்கத் தெரிந்தால் என்று விதியில் இருக்கிறது. நடுவரையே கேளுங்கள்."

"இருக்கிறது, இருக்கிறது" என்றது செங்கொண்டை.

விதி முப்பதைத் தாண்டியது. கோல்கள் எழுபதைத் தாண்டின. ஆடுகிறவர்கள் எல்லோரும் மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கோல்கீப்பர் கீழே வைத்துவிட்ட பந்தின் மேல் ஓர் ஓணான் ஏறி வெயில் காய்ந்தது. ஊதி ஊதிச் செங்கொண்டைக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நரி அதையும் கவனித்தது. அதற்குச் சுனையில் அக்கறை இல்லை. அது தண்ணீர் குடிக்க வந்த நரி அல்ல. அதன் பார்வை நடுவரின் கொழுத்த தொடையில் நின்றது.

"சரி, போதும். முப்பத்துநான்காம் விதிக்கு வருவோம்" என்று நாக்கால் உதட்டைத் தடவியது. "தீர்ப்பில் குழப்பம் வந்தால், நடுவர் ஒரு பயிற்சியாளரோடு தனியாக அந்தப் புதருக்குப் பின்னால் போய் ஆலோசனை செய்ய வேண்டும். பார்வையாளர்கள் யாரும் வரக் கூடாது. உங்களுக்குத் தெரிந்த விதிதானே, ஐயா?"



செங்கொண்டை புதரைப் பார்த்தது. பிறகு நரியின் பற்களைப் பார்த்தது. 'தெரியும்' என்ற சொல் பழக்கத்தில் தொண்டை வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் புதருக்குப் போக வேண்டும். சொல்லாவிட்டால் முப்பத்துமூன்று விதிகளும் சரிந்து தலையில் விழும்.

"போகலாமா?" என்றது நரி.

"தெரியாது" என்றது செங்கொண்டை.

"கேட்கவில்லை, ஐயா."

"முப்பத்துநான்காம் விதி எனக்குத் தெரியாது. முப்பத்துமூன்றும் தெரியாது. பதினெட்டும் தெரியாது." கட்டிய தொண்டையில் குரல் கீச்சென்று வந்தது. ஆனாலும் அது நிறுத்தவில்லை. "பதினேழும் தெரியாது. நான் வகுப்புக்கு வந்து தினை மட்டும்தான் தின்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் செங்கொண்டைக்குப் பொறுக்கவில்லை. அது தட்டுத்தடுமாறி நடந்து போய், எறிந்த கொடியை அலகால் எடுத்து உடும்பின் முன்னால் வைத்தது.

"இப்போது நான் என்ன செய்ய வேண்டும், அம்மா?"

உடும்பு பழையதைப் பேசவில்லை. கொடியை எடுத்துக்கொண்டு எழுந்தது. "பந்து கோல் கோட்டைத் தாண்டாமல் கோல் இல்லை. கோல்கீப்பர் கையால் எடுத்ததற்கு நீங்கள் ஊதிய பிறகு ஆட்டம் மறுபடி தொடங்கவே இல்லை. தொடங்காத வரை நடுவர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கொடுத்த கோல்களையெல்லாம் அழித்துவிடுங்கள். குரங்குகளுக்கு அந்த ஃப்ரீ கிக்கைக் கொடுங்கள்."

"நரியை என்ன செய்வது?"

"பயிற்சியாளருக்கும் சிவப்பு அட்டை காட்டலாம்."

செங்கொண்டை அட்டையைக் காட்டியது. நரி திடுக்கிட்டது.

"அப்படி ஒரு விதி நிஜமாகவே இருக்கிறதா?"

"பன்னிரண்டாவது" என்றது உடும்பு.

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு வெளியேறியது.

மந்தி முன்னால் வந்து நின்றது. "அப்படியானால் முதலில் நாங்கள் போட்ட கோல்? அது நல்ல கோல்தானே?"

செங்கொண்டை ஆவலோடு உடும்பைப் பார்த்தது. எப்படியாவது அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அதற்குத் துடிப்பாக இருந்தது. உடும்பு தலையை ஆட்டியது.

"நல்ல கோல்தான். ஆனால் அதன் பிறகு ஆட்டம் தொடங்கிவிட்டது. இனி மாற்ற முடியாது. அதுவும் விதி."

மந்தி பந்தை நோக்கிப் போனது.

ஓணானை இறக்கிவிட்டார்கள். இந்த ஃப்ரீ கிக்கை நேராகக் கோலுக்கு அடித்தால் செல்லாது என்றும், இன்னொருவர் தொடும் வரை ஒரு சிறகைத் தூக்கி வைத்திருக்க வேண்டும் என்றும் உடும்பு சொன்னது. செங்கொண்டை அப்படியே தூக்கி நின்றது. ஒரு குரங்கு பந்தை மெல்லத் தட்டியது. மந்தி ஓடி வந்து உதைத்தது. பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்து வெளியே போனது.

மிச்ச நிமிடங்களும் ஓடிப் போயின. கரடிகள் ஒன்று, குரங்குகள் சுழி.

கடைசி விசிலில் யானை கண் விழித்தது. "அருமையான நடுவர். என்ன குரல்!" என்று பூமாலையைத் தூக்கிக்கொண்டு வந்தது. செங்கொண்டை தலையைக் குனிந்து மாலைக்குக் கீழே நுழைந்து, அந்தப் பக்கமாக வெளியே போய்விட்டது.

அந்தக் கோடை முழுவதும் குரங்குகள் மாலையில்தான் சுனைக்கு வந்தன. தாய்க் குரங்குகள் கலங்கல் நீரை உள்ளங்கையில் அள்ளி, மண் அடியில் படியும் வரை பொறுத்திருந்து குட்டிகளுக்குக் கொடுத்தன. செங்கொண்டையும் அந்த வரிசையின் கடைசியில் வந்து நின்றது. காலையில் வந்து குடிக்க அதற்குத் தடை ஏதும் இல்லை. ஏன் மாலையில் வருகிறாய் என்று மந்தி அதைக் கேட்கவில்லை.

நீதி: தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்கும் நடுவர், விதி எழுதும் வேலையை நரியிடம் கொடுத்துவிடுகிறார்.