பக்கத்து மைதானத்து விசில்

கூடைப்பந்து ஆடியே அறியாதவரும் இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லலாம். ஒரு விதி தெரிந்தால் போதும். பந்தைக் கையில் பிடித்தவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மறு காலை எந்தப் பக்கமும் வைத்துத் திரும்பலாம். ஊன்றிய காலைப் பெயர்த்து நடந்தால் அது 'டிராவல்'. பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு கீழே விழுந்து, விழுந்த வேகத்தில் சறுக்கினால் குற்றமில்லை. பந்தை வைத்துக்கொண்டே எழுந்து நின்றால்தான் குற்றம். ஆடுகிறவர்களிலேயே பலர், சறுக்கினாலே டிராவல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உடுமலையில் ஒரு சிமெண்ட் மைதானம். அன்று அங்கே பள்ளிப் பெண்களுக்கு மாவட்டப் போட்டி. ஆடிக் காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்தது. மேற்கே ஒட்டினாற்போல் வாலிபால் மைதானம். நடுவில் சுவர் கிடையாது. அங்கே ஊதுகிற விசில் காற்றில் ஏறி இங்கே காதருகில் கேட்கும். காலை முதல் ஆட்டத்தில் அப்படிக் கேட்டு இரண்டு அணிப் பெண்களும் நின்றுவிட்டார்கள். நடுவர் மயில்சாமி சிரித்துக்கொண்டே ஆட்டத்தை நிறுத்தினார். "அது அவங்க விசிலுங்க, கண்ணுகளா. என் கை மேல போனாத்தான் என் விசில்," என்று சொல்லி, பந்தை வைத்திருந்த அணிக்கே திரும்பக் கொடுத்தார்.

அது காலை. துணை நடுவர் மதியமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஐம்பதைத் தாண்டிய மயில்சாமி மிச்சமிருந்த எல்லா ஆட்டத்துக்கும் தனி ஆளாக ஓடினார். சாயங்காலம் இறுதி ஆட்டம் தொடங்கும்போது அவர் குரல் கட்டியிருந்தது. முழங்கால் மடங்க மறுத்தது.

இறுதி ஆட்டத்தில் பூங்கோதையின் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. ஜெயித்தால் அவளுக்கு மாநிலப் போட்டி; அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம். இல்லையென்றால் பன்னிரண்டாவது முடிந்ததும் திருப்பூரில் பனியன் கம்பெனி என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

அரை நிமிடம்கூட மிச்சமில்லை. பந்து பூங்கோதையின் கையில். இடது காலை ஊன்றி, எதிரணி ரெபேக்காவுக்கு முதுகைக் காட்டிச் சுழன்றாள். ஊன்றிய கால் மண்ணில் வழுக்கியது. பந்தை நெஞ்சோடு அணைத்தபடி விழுந்து, முழங்கால் தோல் உரிந்துபோக ஓர் ஆள் நீளம் சறுக்கினாள்.

அப்போது ஒரு விசில்.

எல்லோரும் நின்றார்கள். மயில்சாமியும் ஒரு கணம் வாலிபால் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"போச்சு, சறுக்குனதுக்கு ஊதிட்டாரு," என்றாள் பூங்கோதை தரையில் கிடந்தபடி.

அவிழ்ந்த முடியை ஒரு கையால் அள்ளிப் பிடித்திருந்த ரெபேக்கா மறு கையை நீட்டினாள். "எந்திரி பிள்ள. ஐயோ, முட்டி பேந்துருச்சே."

பூங்கோதை அந்தக் கையைப் பிடித்து எழுந்தாள். நடுவரிடம் கொடுப்பதற்காகப் பந்தை இடுக்கிக்கொண்டு நின்றாள். இப்போது மயில்சாமி விசில் ஊதினார். ஒரு கை மேலே போனது. பிறகு இரண்டு முஷ்டிகளும் ஒன்றையொன்று சுற்றின. டிராவல்.

"சார், முன்னாடியே ஊதிட்டீங்களே!"

"நான் ஊதலம்மா. சறுக்குனது தப்பில்ல. எந்திரிச்சதுதான் தப்பு."

"சாருக்குத் தூக்கம் வந்துருச்சுங்கோ!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். மயில்சாமி காதில் வாங்கவில்லை. ரெபேக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பந்தை எடுடி, நேரம் ஓடுது!" என்றார் அவளுடைய பயிற்சியாளர். அவள் வாயை மூடிக்கொண்டாள். கோட்டுக்கு வெளியிலிருந்து வந்த பந்தை வாங்கி, கூடையில் போட்டாள். ஒரு புள்ளியில் அவள் அணி ஜெயித்தது.

வரிசையாகக் கை குலுக்கும்போது ரெபேக்கா கையை நீட்டினாள். பூங்கோதை தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

விதிப்படி ஊதிய நடுவர், கை கொடுத்துத் தூக்கியவள், கையைப் பிடித்து எழுந்தவள். இந்த மூவரில் பிழை யாருடையது?

என் விடை இது. நடுவரின் கை மேலே போயிருக்கிறதா என்று பூங்கோதை பார்த்திருக்கலாம், வலியில் பார்க்கவில்லை. ரெபேக்கா கை கொடுத்ததில் சூது இல்லை. ஆட்டம் நடக்கிறது என்று தெரிந்தவள் பந்தைப் பறித்திருப்பாள். முடியை அள்ளிக்கொண்டு நின்றிருக்க மாட்டாள். பிறகு அவள் பேசாமல் இருந்தது எனக்கு உறுத்துகிறது, ஆனால் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் அவளிடம் இல்லை. மயில்சாமியிடம் இருந்தது. அந்த விசில் எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும், திரும்பிப் பார்த்தாரே. காலையில் செய்ததைப்போல ஆட்டத்தை நிறுத்தி, பந்தைப் பூங்கோதையிடமே கொடுத்திருக்க வேண்டும். விதியைச் சரியாகச் சொன்ன அவர்தான் பிழை செய்தார் என்பேன். எழுதிய பிறகும் மனம் அடங்கவில்லை. நாள் முழுக்க வெயிலில், அதிலும் மதியத்திலிருந்து தனியாக ஓடிய மனிதரிடம் காலையில் இருந்த பொறுமையைச் சாயங்காலமும் கேட்க, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. பூங்கோதைக்கு உண்டு.