பதினோரு இடம் பார்த்த தேனிலவு

செபஸ்தியானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ராஜபாளையம் பேருந்து நிலையத்தில், கைத்தடியோடு. எங்கள் தேனிலவுக்குக் கார் ஓட்டியவர் அவர்தான். காரும் உத்தரவும் என் மனைவி பூங்கோதையின் பெரியப்பா, பஞ்சாலை முதலாளி ராமசுப்புவுடையவை.

"கொடைக்கானல்ல ஒரே நாள்ல பதினோரு இடமும் காட்டிரணும். ஒவ்வொரு இடத்திலயும் போட்டோ வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் சாவியை வச்சுட்டு வீட்டுக்குப் போயிரு."

அன்று விடிந்ததிலிருந்து மூடுபனி. பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை; ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். செபஸ்தியான் காரை எடுக்கவே இல்லை. விடுதி வாசலில் எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

"தூண் பாறை ஆச்சு. டீ குடிச்சிட்டுப் படுங்க மாப்பிள்ளை. அடுத்த இடத்துக்குக் கூப்பிடுறேன்."

சாயங்காலத்துக்குள் பதினோரு படம். நாங்கள் நன்றாகத் தூங்கினோம்.

ஊரில் பெரியப்பா உறவினர்களைக் கூட்டி வைத்துப் படங்களைக் காட்டினார். எங்களுக்குப் பின்னால் எல்லாமே வெள்ளை.

"இது தூண் பாறை. நான் இருபது தடவை பார்த்தவன். விளிம்பு தெரியுது பாருங்க! அடுத்த மாசம் என் மகனும் மருமகளும் போறாங்க. அவங்களுக்கும் ஒரே நாள்தான்."

"அது லாட்ஜ் வாசப்படிங்க மொதலாளி," என்றார் செபஸ்தியான். "பதினொண்ணும் அங்கதான் எடுத்தேன். அந்தப் பனியில வண்டியை எடுத்திருந்தா, இன்னைக்கு இந்தப் போட்டோவுக்கு நீங்க மாலைதான் போட்டிருக்கணும்."

பெரியப்பா சாவியைக் கேட்கவில்லை. அவர் மகனுக்கு நான்கு நாள் கிடைத்தது.

பூங்கோதை இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவள் இளவயது முகம் தெளிவாகத் தெரியும் படங்கள் என்னிடம் அந்தப் பதினொன்றுதான்.